இரண்டாவது நகரம் என்ற பழங்கதை

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். இலங்கையின் நகரங்களைச் சனத்தொகை வாரியாக வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்று அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. கீழே ஒரேயொரு வரி: "பாத்தியளே அண்ணை, நாங்கள் எங்கை போய்க் கிடக்கிறம் எண்டு?"

அவருடைய வேதனை எனக்கு விளங்காமலில்லை. ஆனால் அந்த வேதனையின் அடியில் கிடக்கும் நம்பிக்கை ஒன்றைப் பற்றி நீண்ட காலமாகவே எழுத வேண்டுமென்று இருந்தேன். அதற்கு இப்போது அவர் வழி சமைத்துத் தந்திருக்கிறார்.

'கொழும்புக்கு அடுத்ததாக இலங்கையின் இரண்டாவது பெரிய நகரமாக விளங்கிய யாழ்ப்பாணம்' என்ற வாசகத்தை நம்மில் கேளாதவர் யார்? பழைய மாணவர் சங்க மலர்களில், ஊர்ச்சங்க ஆண்டு விழாக்களில், அரசியல் மேடைகளில், அஞ்சலிக் கட்டுரைகளில் எல்லாம் அது வருகிறது. நானும் எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டு காலப் பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு தடவையேனும் சரிபார்த்ததில்லை என்பதற்கு மட்டும் கணக்கு உண்டு.

சரிபார்த்தபோது கண்டது இது. போருக்கு முன்னர் நடந்த கடைசிக் கணக்கெடுப்பு 1981இல் நடந்தது. அதில் யாழ்ப்பாண மாநகர சபை எல்லைக்குள் இருந்தவர்கள் 1 இலட்சத்து 18 ஆயிரத்து 224 பேர். அதே கணக்கெடுப்பில் தெஹிவளை - கல்கிசையில் 1 இலட்சத்து 73 ஆயிரத்துக்கும் மேல். மொறட்டுவையில் 1 இலட்சத்து 34 ஆயிரத்துக்கும் மேல். ஆக, எரிவதற்கும் இடம்பெயர்வதற்கும் முன்னரே பட்டியலில் நமது இடம் நான்காவது. போர் வந்து நம்மை இரண்டாம் இடத்திலிருந்து தள்ளிவிட்டது என்று சொல்வதில் உண்மை இல்லை. 1963இலேயே தெஹிவளை - கல்கிசை நம்மை முந்திவிட்டது.

அப்படியானால் நம் பெரியவர்கள் பொய் சொன்னார்களா? அதுவும் இல்லை. தெஹிவளையும் கல்கிசையும் மொறட்டுவையும் தனித்த நகரங்கள் என்று காலி வீதியில் பயணம் செய்த எவரும் சொல்லமாட்டார். வெள்ளவத்தை முடிந்து தெஹிவளை தொடங்கும் இடம் ஒரு கால்வாயும் பாலமுமே. அவற்றைக் கொழும்பின் நீட்சியாகக் கொண்டால், 1981இல் கொழும்புக்கு வெளியே கண்டியையும் காலியையும் விடப் பெரிய நகரமாக யாழ்ப்பாணமே நின்றது. கோட்டை ஓரிடத்தில் போட்டால் இரண்டாவது. வேறிடத்தில் போட்டால் நான்காவது. மனிதர்கள் அதே மனிதர்கள்தாம், கோடுதான் வேறு.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. நகரங்களின் தரவரிசை என்பது மனிதரை எண்ணி வருவது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு கேள்விகளுக்கான விடை. எல்லையை வரைந்தவர் யார்? எண்ணப்பட்ட நாளில் வீட்டில் இருந்தவர் யார்? இவ்விரண்டையும் கேளாமல் பட்டியலைப் பார்த்துப் பெருமை கொள்வதும் வீண், ஒப்பாரி வைப்பதும் வீண்.

முதலில் எல்லை. தலைநகரையே எடுத்துக்கொள்வோம். கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் 1981இல் 5 இலட்சத்து 87 ஆயிரம் பேர் இருந்தனர். 2012இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 60 ஆயிரம். அப்படியென்றால் கொழும்பு தேய்ந்துவிட்டதா? அதே காலத்தில் கொழும்பு மாவட்டம் சுமார் 17 இலட்சத்திலிருந்து 23 இலட்சமாகப் பெருகியது. நகரம் மாநகர சபையின் வேலியைத் தாண்டி வெளியே போய்விட்டது; அவ்வளவுதான். 2024 டிசம்பரில் நடந்த கணக்கெடுப்பின் முதற்கட்ட முடிவுகளில் கம்பஹா மாவட்டம் கொழும்பு மாவட்டத்தையே முந்திவிட்டது. முன்னர் பிரதேச சபையாக இருந்த கடுவெல மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்டது. 2012 கணக்கெடுப்பில் அங்கு இரண்டரை இலட்சம் பேர். இன்று மாநகர சபைகளை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் கொழும்புக்கு அடுத்தது கடுவெல! கடுவெலயில் திடீரென்று எவரும் வந்து குவியவில்லை. வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வந்தது.

இது இலங்கைக்கு மட்டும் உரிய விசித்திரம் அன்று. நம்மவர் பலர் வாழும் பாரிஸ் மாநகரின் எல்லை 1860இல் விரிக்கப்பட்டது. பின்னர் பெரிதாக மாறவில்லை. 1921இல் அதற்குள் 29 இலட்சம் பேர் இருந்தனர். இன்று 21 இலட்சமளவில் இருக்கின்றனர். லாச்சப்பலில் சாமான் வாங்கிக்கொண்டு புறநகர் ரயிலேறி வீடு செல்லும் நம்மவர்களிடம் 'பாரிஸ் சுருங்கிவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். சீனாவின் சொங்சிங் 3 கோடிக்கும் அதிகமானோர் வாழும் 'நகரம்' என்று சில பட்டியல்கள் முதலிடம் கொடுக்கின்றன. அதன் நிருவாக எல்லை 82 ஆயிரம் சதுர கிலோமீற்றர். இலங்கை முழுவதுமே 65 ஆயிரத்து 610 சதுர கிலோமீற்றர்தான். வயலும் மலையும் சேர்ந்த மாகாணம் ஒன்றை நகரம் என்று எழுதினால் முதலிடம் வராமல் என்ன செய்யும்?

ஐக்கிய நாடுகள் சபையின் கணக்கிலும் இதுவே நடந்தது. 2018ஆம் ஆண்டு அறிக்கையில் உலகின் பெரிய நகரம் டோக்கியோ. ஜகார்த்தாவுக்கு அதில் சுமார் ஒரு கோடிதான். 2025 அறிக்கையில் ஏறத்தாழ 4 கோடி 20 இலட்சத்துடன் ஜகார்த்தா முதலிடம், டாக்கா இரண்டாமிடம், டோக்கியோ மூன்றாமிடம். ஏழு ஆண்டுகளில் ஜகார்த்தாவில் மூன்று கோடிப் பேர் பிறக்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கேற்பச் சொன்ன நகர எல்லையை விட்டு, மக்கள் நெருக்கமாகத் தொடர்ந்து வாழும் நிலப்பரப்பை எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஓர் அளவுகோலால் அளந்தார்கள். கோடு மாறியது, வரிசையும் மாறியது.

நிற்க. நம் கோட்டுக்கு வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எந்த நகரத்தில் இருக்கிறது? யாழ்ப்பாணத்தில் என்பீர்கள். கணக்கின்படி இல்லை. திருநெல்வேலி, மாநகர சபை எல்லைக்கு அப்பால் நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. அங்குள்ள விடுதிகளும் கடைகளும் சந்தையும் நெரிசலும், அவற்றோடு கொக்குவிலும் கோண்டாவிலும், அரச புள்ளிவிபரத்தில் 'கிராமம்'. காரணம் எளியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்துடன் பட்டின சபைகள் ஒழிக்கப்பட்டன. அதன் பின்னர் மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வாழ்பவர் மட்டுமே நகரவாசிகள். சுன்னாகமும் மானிப்பாயும் ஒரே இரவில் கிராமங்களாயின. நாடளாவிய விளைவு இன்னும் வேடிக்கையானது: 1981இல் 21.5 வீதமாக இருந்த நகரச் சனத்தொகை 2012இல் 18.2 வீதமாகக் குறைந்தது. உலகமே நகரை நோக்கி ஓடிய காலத்தில் இலங்கை கிராமத்தை நோக்கி ஓடியதாகக் கடதாசி சொல்கிறது.

இதில் வேடிக்கையல்லாத பக்கமும் உண்டு. ஒரு மாவட்டத்தின் தலைநகரான கிளிநொச்சி, ஏ-9 வீதியின் இருமருங்கும் கடைகளும் வங்கிகளும் அலுவலகங்களுமாக நீள்கிறது. 2012 கணக்கெடுப்பின்படி கிளிநொச்சி மாவட்டத்தின் நகரச் சனத்தொகை பூச்சியம். முல்லைத்தீவும் அவ்வாறே. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தையில் தீப்பற்றியபோது தீயணைப்பு வாகனம் யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டியிருந்தது. அது வருவதற்குள் சிறு வியாபாரிகளின் முதல் சாம்பலாகிவிட்டது. பிரதேச சபை என்ற தகுதி மட்டுமே அதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடதாசியில் நகரமாக இல்லாத ஊருக்கு நகரத்துக்குரியவை கடைசியாகவே வந்துசேரும் என்பதை அந்த வியாபாரிகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. எண்ணப்பட்ட நாளில் வீட்டில் இருந்தவர் யார்?

1981இல் நான் பள்ளிச் சிறுவன். கணக்கெடுக்க வந்தவர் பக்கத்துப் பாடசாலை ஆசிரியர். திண்ணையில் அமர்ந்து படிவத்தை நிரப்பினார். கொழும்பில் எழுதுவினைஞராக இருந்த மூத்த அண்ணனின் பெயரையும் சேர்க்கும்படி அம்மா கேட்டார். "அவர் அங்கை எண்ணுப்படுவார், அக்கா. இங்கை இருக்கிற ஆக்களைச் சொல்லுங்கோ" என்றார் ஆசிரியர். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இருப்பவரை மட்டுமே எண்ணுவார்கள் என்ற அந்த விதி பின்னர் நம்மை எப்படித் தாக்கப் போகிறது என்பது அந்தத் திண்ணையில் எவருக்கும் தெரியாது.

1983க்குப் பின்னர் விமானமேறியவர்கள் ஒருபுறம். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். சோனகதெரு வெறுமையானது. நகரம் சுருங்கிய கதையைச் சொல்லும்போது இந்த அத்தியாயத்தைத் தாண்டிச் செல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதைச் செய்தது வெளியார் அல்லர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. அந்தச் சனத்துள் நானும் ஒருவன். மழையில் செம்மணி வெளியில் நின்றபோது யாழ்ப்பாணத்தின் தரவரிசை எவர் மனத்திலும் இல்லை.

1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் நடந்தது; 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. அப்போது கொழும்பில் பத்திரிகை ஒன்றின் செய்தி மேசையில் இருந்தேன். அட்டவணை கைக்கு வந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று பெயர்கள் இருந்தன. எதிரே தொகை இல்லை. 'நாட்டின் சனத்தொகை' என்று தலைப்பிட்டுச் செய்தியை எழுதிக் கொடுத்தேன். வெற்று நிரைகளைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எவரும் தடுக்கவில்லை; எனக்கே தோன்றவில்லை. இன்றுவரை நெஞ்சில் குத்துவது அதுதான். அந்த இடைவெளியில் உலகப் பட்டியல்களில் யாழ்ப்பாணம் இருந்துகொண்டே இருந்தது. பழைய தொகையை வளர்ச்சி வீதத்தால் பெருக்கிய ஊகக் கணக்குகளின் தயவில். ஊர் வெறுமையாகிக்கொண்டிருக்க, பட்டியலில் அது வளர்ந்துகொண்டிருந்தது. 2012இல் எண்ணியபோது மாநகர எல்லைக்குள் 88 ஆயிரத்துச் சொச்சம். வடக்கு, கிழக்கு மாநகர சபைகளில் கல்முனை நம்மை முந்தியிருந்தது.

'இதெல்லாம் வெறும் எண்கள்தானே' என்று சொல்ல வருபவர்களுக்கு வேறோர் எண் வரிசையைக் காட்டுகிறேன். கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள். 2015இல் ஏழு. 2024இல் ஆறு. ஆசனப் பங்கீடு சனத்தொகையை நேராகப் பார்த்து நடப்பதில்லை. வாக்காளர் இடாப்பைப் பார்த்து நடக்கிறது. அங்கேயும் கேள்வி அதேதான்: பதிவு நடந்தபோது இருந்தவர் யார், படிவத்தை நிரப்பியவர் யார்? நாம் 'இரண்டாவது பெரிய நகரம்' என்று மேடைகளில் முழங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மூன்று ஆசனங்கள் போயின. அவற்றுக்காக எழுந்த குரல் பழம்பெருமைக்காக எழுந்த குரலில் பாதிகூட இல்லை.

ஆகவே இரு சாராரோடும் எனக்குச் சண்டை உண்டு. 'யாழ்ப்பாணம் இன்று ஒரு சிற்றூர், பட்டியலைப் பாருங்கள்' என்று தெற்கிலிருந்து சொல்பவர்கள், வெற்று நிரைகளின் வரலாற்றை மறைத்துவிட்டு எண்ணை மட்டும் நீட்டுகிறார்கள். 'இரண்டாம் இடத்தில் இருந்தோம்' என்று நம்மிடையே அழுபவர்கள், 1981ஐப் படமாக்கிச் சுவரில் மாட்டி மாலை போட்டுவிட்டு, இன்று அங்கு வாழ்பவர்களை எண்ணவே மறுக்கிறார்கள். முதற்கூட்டத்துக்கு மறதி வசதியாக இருக்கிறது. இரண்டாங்கூட்டத்துக்கு நினைவு வசதியாக இருக்கிறது.

கேட்க வேண்டியவை வேறு. நகரம் எது என்பதற்கான வரைவிலக்கணத்தை மாற்று என்று கேட்க வேண்டும். திருநெல்வேலியையும் கொக்குவிலையும் சேர்த்த யாழ்ப்பாணத்தை நகரமாகத் திட்டமிடு என்று கேட்க வேண்டும். கிளிநொச்சிக்கு நகர சபை வேண்டும். நாட்டுக்குள் இருந்தும் இடாப்பில் இல்லாதவர்களை வீடு வீடாகத் தேடிப் பதிய வேண்டும். திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களின் பதிவும் அதில் அடங்கும்.

நண்பருக்கு நான் அனுப்பிய பதில் இதைவிடச் சிறியது. 'அந்தப் பட்டியலில் உங்கள் தம்பி குடும்பம் இல்லை. அவர்கள் இருப்பது திருநெல்வேலியில். கணக்கின்படி கிராமத்தவர்' என்று எழுதினேன். மறுநாள் பதில் வந்தது: "அண்ணை, அவன் இடாப்பிலை பதிஞ்சிருக்கிறானோ எண்டு கேட்டன். இன்னும் இல்லையாம்."