திருத்திய வரியை மட்டும் பார்த்தால் போதுமா?

கணினி இயங்குதளத்தின் பிழையொன்றைத் திருத்த இரண்டே வரிகள் எழுதப்பட்டிருந்தால், அவற்றைச் சீராய்வது அற்பக் காரியம் என்று எண்ணுவோர் பலர். அந்த அபிப்பிராயம் எவ்வளவு விபரீதமானது என்பதை அறிய, லினக்ஸ் இயங்குதளத்தில் 2022 பிப்ரவரியில் திருத்தப்பட்ட 'டர்ட்டி பைப்' என்ற பிழையின் சரித்திரமே போதும்.

ஜெர்மனியில் மாக்ஸ் கெல்லர்மான் என்ற நிரலாளர் கவனித்துவந்த சர்வர்களில், சுருக்கி வைத்த பதிவுக் கோப்புகள் சில, பெரும்பாலும் மாதக் கடைசி நாளுக்குரியவை, இறுதி எட்டு பைட்டுகளில் மட்டும் கெட்டுப்போயிருந்தன. குற்றம் தம் நிரலில் இல்லை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில்தான் இருக்கிறது என்று அவர் நெடுநாள் தேடியபின் கண்டறிந்தார்.

வாசிக்கப்படும் கோப்பின் பிரதியைக் கெர்னல் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதை நகலெடுக்கும் சிரமமின்றி, நிரல்களிடையே தரவைக் கடத்தும் 'பைப்' வழியே அனுப்பும்போது, பைப்பில் அதற்கு ஒதுக்கும் இடத்தில் முன்பு கிடந்த குறிகளை அழித்துவிட வேண்டும். 2016இல் எழுதப்பட்ட நிரல் அதைச் செய்யவில்லை. முன்னவர் உண்ட இலையை எடுக்காமலே அடுத்தவரைப் பந்தியில் உட்காரவைத்த கதைதான். அன்று அதனால் கேடொன்றும் விளையவில்லை. 2020இல், 5.8ஆம் பதிப்பில், 'இதன்மேல் தொடர்ந்து எழுதலாம்' என்று பொருள்படும் குறியொன்று புகுந்தபோதுதான் பழைய அலட்சியம் விஷமாயிற்று. வாசிக்க மட்டும் அனுமதி பெற்ற சாதாரணப் பயனர்கூட, பயனர் கணக்குகள் அடங்கிய கோப்பை மாற்றி, முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம் என்ற நிலை வந்தது.

திருத்தமோ, இரண்டு இடங்களில் குறிகளைப் பூஜ்யமாக்கும் இரண்டு வரிகள். அவ்வரிகள் சரியா என்று பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் இடங்கள் இரண்டுதானா, மூன்றாவது எங்கேனும் ஒளிந்திருக்கிறதா, பழைய பதிப்புகளுக்கும் இது வேண்டுமா என்று கேட்பவரே சீராய்வாளர். அதற்கு, மாற்றப்படாத வரிகளையும் அவர் சிரத்தையுடன் வாசித்தாக வேண்டும். 2016இன் பிழையும் 2020இன் மாற்றமும் தனித்தனியே பார்த்தால் நிரபராதிகள். இரண்டும் கூடியதே ஆபத்து.

இயந்திரச் சோதனைகள் இருக்க மனிதர் எதற்கு என்று சிலர் வாதிக்கலாம். யாரோ முன்பே நினைத்துவைத்த கேள்விக்குத்தான் சோதனை விடை தரும். பழைய குறிகள் அழிக்கப்பட்டனவா என்ற கேள்வியை ஐந்தாண்டுகளுக்கும் மேலாக எவரும் நினைக்கவில்லை. சீராய்ந்தவர் பெயரைத் திருத்தத்தோடு நிரந்தரமாகப் பதிவுசெய்யும் நல்வழக்கம் லினக்ஸில் உண்டு. அந்தக் கெர்னலை நம்பிக் கைப்பேசி விற்று லாபம் காண்போர், பெயரோடு நிறுத்தாமல், சீராய்வுக்குச் செலவாகும் நேரத்துக்கும் ஊதியம் அளிப்பதே நியாயம்.