திருமுக்கூடல் முதல் புதன்கிழமை வரை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. வீரராசேந்திர சோழன் காலத்தது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்டது. கோயிலை ஒட்டி நடந்த கல்விச்சாலைக்கும், மாணவர் தங்கிய விடுதிக்கும், வீரசோழன் என்னும் பெயர் தாங்கிய ஆதுலசாலை என்ற மருத்துவமனைக்கும் ஆண்டுதோறும் ஆகவேண்டிய செலவை அது வரி வரியாக வகுத்து வைத்திருக்கிறது. ஆதுலசாலையில் 15 படுக்கைகள். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. ஒரு மருத்துவர், அறுவை செய்யும் ஒருவர், மூலிகை பறித்துவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். மருத்துவருக்கு மட்டுமல்லாமல் மருந்து காய்ச்சியவருக்கும் நோயாளியைக் கவனித்த பெண்களுக்கும் உரிய கூலி அங்கே நெல்லளவில் எழுதப்பட்டிருக்கிறது. இத்தனை நூற்றாண்டுகள் கழித்துப் படிக்கும்போது, அரசனின் மெய்க்கீர்த்தியைவிட அந்தக் கூலிக் கணக்கில்தான் மனம் நின்றுவிடுகிறது.

அங்கிருந்து தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்பே, முதலாம் பராந்தகனின் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊராட்சி முறையை விவரிக்கின்றன. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குடவோலை எடுத்து, சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று தனித்தனிக் குழுக்களை அமைத்தார்கள். 360 நாள் பொறுப்பு. கணக்குக் காட்டத் தவறியவருக்கு மட்டுமின்றி அவர் உறவினருக்கும் ஓலையில் பெயர் எழுதத் தடை. ஏரியைப் பார்ப்பவர் ஒருவர், தோட்டத்தைப் பார்ப்பவர் இன்னொருவர் என்றாலும் எல்லாரும் பதில் சொல்ல வேண்டியது ஒரே சபைக்குத்தான். இதை நாம் பாடப்புத்தகத்தில் பெருமையோடு படித்தோம், பெருமைக்கு உரியதுதான். ஆனால் அந்த ஓலையில் பெயர் எழுதப்பட, வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் வேண்டியிருந்தன. ஏரியில் மண் சுமந்தவர் பெயர் குடத்துக்குள் போனதில்லை. திருமுக்கூடல் ஆதுலசாலையும் கோயில் பணியாளருக்கும் சாலை மாணவருக்கும் உரியதாகவே இருந்தது. பாரம்பரியத்தை ஏற்றுக்கொள்கிறவர்கள் இந்தப் பகுதியையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிறகு வந்த வெள்ளையர் ஆட்சியில் ஏரி ஓர் இலாகாவுக்கும், பள்ளி இன்னொன்றுக்கும், அம்மைக் குத்தல் வேறொன்றுக்கும் போயின. ஊரார் தாமே ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து தளர்ந்தது. ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் வந்தன. ஊரைப் பற்றிய முடிவுகள் ஊருக்கு வெளியே எழுதப்படும் வழக்கம் வேரூன்றியது.

அந்த வழக்கம் சற்று மாறிய ஒரு காலம் 1950களில் வந்தது. காமராசர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். 1956இல் விரிவாகத் தொடங்கிய பகல் உணவுத் திட்டத்தின் தொடக்க நாட்களில் அரசாணைக்கு முன்னால் ஊரார் கொடுத்த அரிசியும் காய்கறியும் விறகும் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்தன. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சும் கரும்பலகையும் சீருடையும் மனையும் கட்டடமும் ஊர்மக்கள் கையிலிருந்து வந்தன. சுந்தரவடிவேலு இதை ஒரு துறையின் வேலையாக மட்டும் நடத்தியிருந்தால் இவ்வளவு தூரம் பரவியிருக்காது என்பது என் துணிபு. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அந்த அடுப்பின் வழித்தோன்றல்களே. காலை உணவைச் சமைப்பவர்கள் பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். 1989இல் தருமபுரியில் முளைத்த அந்தக் குழுக்கள் கடன் வாங்கிக் கட்டுவதற்காகக் கூடியவை; இன்று குழந்தைகளின் காலைப்பசியும், வீடு தேடிப் போய்ச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்கும் வேலையும் அவர்கள் தோளில்.

தடுப்பூசி நாளான ஒரு புதன்கிழமை காலை, ஏதேனும் ஒரு கிராமத்தின் அங்கன்வாடிக்குப் போய்ப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் தோளில் தடுப்பூசிக் குளிர்பெட்டியோடு வந்திருப்பார்; அவர் பொதுச் சுகாதாரத் துறை. குழந்தையை எடைத்தராசில் வைத்து, அழுகையை அடக்கி, சத்துமாவுப் பொட்டலம் கொடுப்பவர் அங்கன்வாடிப் பணியாளர்; அவர் சமூகநலத் துறையின் கீழ். மேலே ஓடும் மின்விசிறியும் குழாயில் வரும் தண்ணீரும் ஊராட்சியின் பொறுப்பு. கர்ப்பிணியின் பதிவு எண்ணான பிக்மி எண் செவிலியரின் பதிவேட்டில் ஓரிடத்தில், அதே பெண்ணுக்குக் கொடுத்த சத்துமாவுக் கணக்கு இன்னொரு பதிவேட்டில். எந்த வீட்டுப் பெண் இந்த மாதம் தாய்வீடு போனாள், எந்தக் குழந்தை எடை குறைந்தது என்பது மட்டும் எந்தக் கணினியிலும் இல்லாமல், அந்த இரு பெண்களும் ஐந்து நிமிடம் பேசிக்கொள்வதில் தீர்ந்துவிடுகிறது. மூன்று துறைகளை இணைப்பதற்குச் சென்னையில் எத்தனை கூட்டம் நடந்தாலும், இணைப்பு நிகழும் இடம் அந்த ஐந்து நிமிடம்தான்.

அந்த ஐந்து நிமிடத்தை உருவாக்கும் கைகளுக்கு நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? அங்கன்வாடிப் பணியாளருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம், வீடு தேடிப் போகும் குழுப் பெண்ணுக்கு மாத ஊக்கத்தொகை, ஓய்வுக்காலத்தைப் பற்றித் தெளிவில்லாத பதில். திருமுக்கூடல் கல்வெட்டு, தன் சுவருக்குள் வந்தவரை மட்டுமே பார்த்தது என்றாலும், வேலை செய்தவரின் பங்கை மறைக்கவில்லை. நாம் சுவரை இடித்து எல்லாரையும் உள்ளே அழைத்தோம், அது நம் காலத்தின் பெரிய காரியம். அதுவும் எளிதில் நடந்துவிடவில்லை: மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்கு எழுந்த எதிர்ப்பால், 1996 முதல் 2006 வரை முறையாகத் தேர்தல் நடத்த முடியாமல் போனது.

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இப்போது கூடுகின்றன. செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தலைமையாசிரியரும் அங்கே ஓரமாக நின்று கையெழுத்திட்டுப் போகும் வழக்கம் மாற வேண்டும். எத்தனை குழந்தை எடை குறைந்தது, எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, காலை உணவு சமைத்தவருக்குச் சம்பளம் வந்ததா என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்ல, ஊர் உட்கார்ந்து கேட்டு, தீர்மானத்தில் எழுதிக்கொள்ளட்டும். அடுத்த கூட்டத்தில் முதலில் படிக்கப்படுவதும் அந்தத் தீர்மானமாகவே இருக்கட்டும்.