பல்கலைக்கழகக் கணக்கு: பிள்ளையின் பெயரிலேயே இருக்கட்டும்

பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்க இன்று பாரம் நிரப்பி அஞ்சலில் போடுவதில்லை. யூபியூ இணையத்தளத்தில்தான் விண்ணப்பம். அதில் கொடுக்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் யாருடையவை என்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது.

தோட்டங்களை விட்டு பத்து காஜாவுக்குக் குடிவந்த குடும்பங்களில் கணினி இல்லாத வீடுகள் உண்டு. பிள்ளைகள் கணினிக் கடைக்கோ உறவினரிடமோ ஓடுகிறார்கள். அவசரத்தில் கடைக்காரரின் மின்னஞ்சலும் மாமாவின் எண்ணும் பதிவாகிவிடும். பிறகு வரும் அறிவிப்புகள் வேறொருவர் கைக்குப் போகும். இடம் கிடைக்காதவர் மேல்முறையீடு செய்யக் கிடைப்பதோ சில நாட்கள்தான்.

சேர்ந்த பின் பல்கலைக்கழகமே மாணவருக்குத் தனிக் கணக்கு தரும். பாடப்பதிவு, விரிவுரைக் குறிப்பு, தேர்வு முடிவு எல்லாவற்றுக்கும் அதுவே சாவி. 1980களின் பிற்பகுதியில் மீமோஸ் ‘ரங்கோம்’ கணினிக் கட்டமைப்பைத் தொடங்கியபோது இத்தகைய கணக்கு ஆய்வாளர்களுக்கான வசதி. இன்று அது இல்லாத மாணவர் வகுப்புக்கு வெளியே நிற்பவர்.

பல கணக்குகள் கைப்பேசி வழி உறுதி செய்தால்தான் திறக்கும். பணம் போடாத ‘பிரிபெய்ட்’ எண் காலாவதியானால் கணக்கும் பூட்டிக்கொள்ளும்.

ஐந்தாம் படிவம் முடிவதற்குள் பிள்ளையின் பெயரிலேயே மின்னஞ்சலும் எண்ணும் இருக்கட்டும். கடவுச்சொல்லைக் கடையில் விட்டு வராதீர்கள். ஆலயங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் விண்ணப்பக் காலத்தில் ஒரு சனிக்கிழமை, நாலு கணினியோடு உட்கார்ந்தால் போதும். நல்ல தேர்ச்சி பெற்ற பிள்ளை கடவுச்சொல்லால் இடத்தை இழக்காது.