சாதி அந்தரங்கம் இல்லையா?

இணையத்தில் உங்கள் கவலை என்ன என்று கேட்டால், பண மோசடி, கடவுச்சொல் திருட்டு என்று பட்டியல் நீளும். எங்கள் கவலை அதில் இருப்பதில்லை. வாட்ஸ்அப் முகப்பில் அம்பேத்கர் படம் வைக்கும் முன், வீட்டு உரிமையாளரிடம் இந்த எண் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டிய கவலை அது.

ஆய்வு உதவித்தொகைக்காகச் சாதிச் சான்றிதழை இணையத்தில் ஏற்றுகிறேன். அதற்கு என்ன பாதுகாப்பு? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 தரவுப் பாதுகாப்பு மசோதா, சாதியைக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படும் தகவல்களில் சேர்த்தது. 2023இல் நிறைவேறிய சட்டமோ அந்த வகைப்பாட்டையே தூக்கிவிட்டது. இப்போது என் சாதியும் மின்னஞ்சல் முகவரியும் ஒரே தரம்!

மின்னஞ்சல் முகவரி கசிந்தால் விளம்பரம் வரும். சாதி கசிந்தால் வாடகை வீடு போகும், வேலை போகும். சாதி மீறிக் காதலித்தவர்களுக்கு உயிரே போகும்.

சாதியை மறைப்பதா சாதி ஒழிப்பு என்று கேட்பீர்கள். மறைக்கச் சொல்லவில்லை. இடஒதுக்கீட்டுக்காக அரசிடம் சாதியைச் சொல்வது எங்கள் உரிமை. வேறு யாருக்குச் சொல்வது என்பதைத் தீர்மானிப்பதும் எங்கள் உரிமைதான். நீக்கிய பாதுகாப்பைச் சட்டத்தில் மீண்டும் சேர்க்க வேண்டும். இதைக் கேட்காத இணைய உரிமைப் பேச்சு, ஊருக்கு மட்டுமானது, சேரிக்கானது அல்ல.