எந்த ஆட்டம் பார்க்க நல்லது?

நான் எந்த விளையாட்டுக் கழகத்திலும் இல்லை. அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பவன் மட்டும்தான்.

யேர்மனியில் ‘பூஸ்பால்’ என்றால் உதைபந்தாட்டம். ‘புட்போல்’ என்றால் அமெரிக்க ஆட்டம். அமெரிக்காவின் என்.எப்.எல். லீக் போட்டி இங்கே முதன்முதலாக 2022 நவம்பர் 13 அன்று முன்சன் நகரில் நடந்தது. தம்பா பே அணி சியாட்டில் அணியை 21க்கு 16 என வென்றது. அதை நாங்களும் பார்த்தோம்.

“என்ன தம்பி, எல்லாரும் ஒராளுக்கு மேல விழுறாங்கள்? பந்து எங்க?” என்று அம்மம்மா கேட்டார்.

“பந்து வைச்சிருக்கிற அணிக்கு நாலு தடவை இருக்கு, அம்மம்மா. அதுக்குள்ள கிட்டத்தட்ட ஒன்பது மீற்றர் முன்னுக்குப் போகவேணும். போகாட்டில் பந்து மற்ற அணிக்கு.”

“இப்ப ஏன் நிப்பாட்டிப் போட்டாங்கள்? முடிஞ்சுதோ?”

முடியவில்லை! ஒவ்வொரு தடவையும் சில நொடிகள்தான் ஓடுவார்கள். பிறகு கூடி நின்று அடுத்த திட்டம் போடுவார்கள். ஆட்ட நேரம் 60 நிமிடம். ஆனால் முடிய மூன்று மணி நேரம் ஆகும்.

உதைபந்தாட்டம் அப்படியல்ல. 45 நிமிடம், ஓர் இடைவேளை, மீண்டும் 45 நிமிடம். பந்து வலைக்குள் போனால் கோல். 2014 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் யேர்மனியும் ஆர்ஜென்டீனாவும் 90 நிமிடத்தில் ஒரு கோலும் போடவில்லை. 113 ஆவது நிமிடத்தில் மரியோ கெட்சே போட்ட ஒரே கோலால் யேர்மனி வென்றது. நெடுநேரம் காத்திருந்து கிடைத்ததால் அந்தக் கோல் இன்னும் இனித்தது. அதனால், பார்ப்பவருக்கு உதைபந்தாட்டமே நல்லது என்பது என் கருத்து. யாரும் பக்கத்தில் இருந்து விளக்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உதைபந்தாட்டம் நடக்கும்போது அம்மம்மா ஏதாவது கேட்டால், “பொறுங்கோ, பிறகு சொல்லுறன்” என்பேன். பிறகு மறந்துவிடுவேன். அன்று ஆட்டம் நின்ற ஒவ்வொரு முறையும் அவர் கேட்டார். நான் தமிழில் சொல் தேடித் தேடி விளக்கினேன்.

கடைசியில் அவர் சிரித்தார். “இது எங்கட கிளித்தட்டு மாதிரியல்லோ இருக்கு!”

கிளித்தட்டு அவர் ஊரில் சின்ன வயதில் விளையாடிய ஆட்டம். கோடுகளில் எதிரணியினர் மறித்து நிற்பார்கள். அவர்களிடம் அகப்படாமல் கடந்து போகவேண்டும். இதை நான் அன்றுதான் அறிந்தேன்.

இன்றும் எனக்குப் பிடித்தது உதைபந்தாட்டம்தான். ஆனால் இப்போது அம்மம்மா கேட்டால், பந்து ஓடிக்கொண்டிருந்தாலும் பதில் சொல்கிறேன்.

உங்களுக்கு எந்த ஆட்டம் பிடிக்கும்? ஏன்?