காட்டுத் தீ வருமுன் வீடு தயாரா?

கர்நாடகக் காடுகளுக்கு மாசி, பங்குனி மாதங்கள் கண்டம். மழை நின்று பல வாரங்கள் ஆகியிருக்கும். மூங்கில், புல், உன்னிச்செடி எல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்கும். ஒரு பீடித் துண்டு போதும், மலையே பற்றிக்கொள்ளும்.

2019-ம் ஆண்டு பிப்ரவரியில் பந்திப்பூர் காட்டில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வானில் இருந்து தண்ணீர் கொட்ட வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 11-ந் தேதி, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைத் தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

யாருக்கு ஆபத்து?

குடகு, சிக்மகளூர் காபித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் உள்ளனர். சுள்ளியா, புத்தூர் ரப்பர் தோட்டங்களில் இலங்கையில் இருந்து திரும்பிய தமிழர்கள் குடியமர்த்தப்பட்டனர். இந்தத் தோட்டங்கள் பலவற்றின் எல்லையில்தான் காடு தொடங்குகிறது. ரப்பர் மரம் இலை உதிர்ப்பதும் ஏறத்தாழ இதே பருவத்தில்தான்.

காட்டைக் காக்க வனத்துறை தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறது, காவலர்களை நிறுத்துகிறது. தீ தெரிந்தால் செயற்கைக்கோள் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் காட்டோரத்து லைன் வீட்டுக்கு யார் கோடு வெட்டுவது? அங்கேதான் ஓட்டை இருக்கிறது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். உள்ளே இருக்கும் பொருள் மட்டுமே தொழிலாளிக்குச் சொந்தம். எனவே புதரை வெட்டித் தரும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்துக்கு உண்டு. தை மாதத்திலேயே தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கேட்டுப் பெறவேண்டிய உரிமை இது.

வீட்டில் செய்யவேண்டியது

தீ தரையில் மட்டும் வருவதில்லை. காற்றில் பறக்கும் தீப்பொறி வெகு தூரம் முன்னே போய் விழுகிறது. கூரைச் சருகு, சுவரோரத்து விறகு, கொடியில் காயும் துணி ஆகியவற்றில்தான் அது முதலில் பற்றும். ஆகவே கூரையைக் கூட்டித் துப்புரவாக வைக்கவேண்டும். விறகை வீட்டை விட்டுத் தள்ளி அடுக்கவேண்டும். வீட்டைச் சுற்றி 30 அடிக்காவது புல்லும் சருகும் இருக்கக்கூடாது. அப்படிக் கூட்டிய குப்பையைக் கொளுத்துவதே பல தீக்களுக்குக் காரணம். அதைக் குழியில் போட்டு மூடுவதே நல்லது.

ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஒரே பையில் இருக்கட்டும். பிறமாநிலத்தில் பிழைப்பவனுக்குக் காகிதம் எரிந்தால், மறுபடி வாங்க எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டுமோ!

புறப்படும் நேரம்

வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்த நாளில் முதியோரையும் குழந்தைகளையும் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போகக்கூடாது. புகை நெருங்கினால் பொருளுக்காகத் தயங்காமல், காஸ் சிலிண்டரை மூடிவிட்டுக் கிளம்பவேண்டும். தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். எனவே மலைமேல் ஓடக்கூடாது. தார்ச்சாலை, உழுத நிலம், ஏற்கனவே எரிந்து அடங்கிய இடம் ஆகியவை பாதுகாப்பானவை. நைலான் உடை உருகி உடம்பில் ஒட்டும். பருத்தி உடையே நல்லது. உதவிக்கு 112 அல்லது 101.

நகரத்துப் பிள்ளைகளின் கடமை

தேராதூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம், தீ பற்றிய தகவலைக் கைபேசிக்கு அனுப்புகிறது. அதிகாரிகள் மட்டுமின்றி, பதிவு செய்துகொள்ளும் எவரும் இதைப் பெறலாம். தோட்டத்தில் பெற்றோரை விட்டுவிட்டு, பெங்களூரில் ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள் பதிவு செய்துகொண்டால், தகவல் வந்த உடனே வீட்டுக்கு ஒரு போன் போட்டு எச்சரிக்கலாம்.

தீ அணைந்தபின் எரிந்த ஏக்கரை அரசு கணக்கெடுக்கும். எரிந்த லைன் வீடுகளும் அந்தக் கணக்கில் சேராதிருக்க, தோட்ட நிர்வாகமும் ஊராட்சியும் மாசி பிறக்கும் முன்பே செயல்படவேண்டும்.