கடிதக் கட்டுகளுக்கு இடமில்லாத கணக்கெடுப்பு

2025-26ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் இயக்கம், ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளை இலக்காகக் கொண்டும், 3.5 கோடியாக இருந்த ஒதுக்கீட்டை 60 கோடி ரூபாயாக உயர்த்தியும் வேலையைத் தொடங்கிவிட்டபடியால், களப்பணிக்குச் செல்லவிருக்கும் நம் வாசகர்கள் இவ்விதழின் நிலைப்பாடு என்னவென்று கேட்பது நியாயமே. ஒத்துழைக்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். பணம் வந்திருக்கிறது, புல்தைலமும் ஸ்கேனரும் வாங்கலாம், அந்த மட்டில் ஆக்ஷேபம் ஒன்றுமில்லை.

ஆனால் இதற்கு முன்னோடியான தேசியச் சுவடி இயக்கம் 2003 முதல் வழங்கி வந்த வரையறை, 75 ஆண்டுப் பழமையும் கையெழுத்தும் இருந்தால் போதாது, ‘அறிவுப் பொருள்’ இருந்தாக வேண்டும் என்று விதித்து, நிகழ்ச்சிகளை நேரடியாகத் தெரிவிக்கும் கல்வெட்டு, ஃபர்மான், வருவாய்க் கணக்கு முதலிய சரித்திர ஆவணங்களை வேறாக ஒதுக்கிவிடுகிறது. கடிதத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் சம்பவத்தைச் சொல்வதே விலக்குக்குக் காரணமாகுமானால், ஒரு பாதிரியாரின் கடிதக் கட்டோ நாட்குறிப்போ எந்தப் பத்தியில் ஏறும்?

1692 முதல் 1714 வரை சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயக் குருவாக இருந்து பாரசீகம் பயின்ற ஜார்ஜ் லூயிஸ், தாம் சேர்த்த கீழ்த்திசைச் சுவடிகளைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்துக்கு வழங்கினார். அவை இந்த வரையறைக்குள் சௌக்கியமாக அடங்கும். தரங்கம்பாடி மிஷனரிகளை ஆதரித்து அவரே லண்டனுக்கு எழுதிய கடிதம் அடங்காது. அந்த மிஷனரிகளில் ஒருவரான சீகன்பால்கின் விஷயத்தில் இந்த விபரீதம் இன்னும் தெளிவாகும். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரையிறங்கிய அவர், 1708இல், அவ்வூர் டேனியக் கோட்டைத் தளபதி ஹாசியுஸ் தம்மைச் சிறையில் அடைப்பதற்குச் சில மாதங்களே முன்பு, தாம் திரட்டிய நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்கு நூலுக்கு நூல் குறிப்பெழுதி ஓர் அட்டவணை வகுத்தார். அந்த ஏடுகள் எப்படி வந்தன என்பதை நமக்குச் சொல்வது ஏடுகள் அல்ல. தம் எழுத்தரைப் பல நாள் பிரயாணத்துக்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடம் மலிவாக வாங்கச் செய்ததாக அவர் எழுதிய கடிதமே. அக்கடிதம் இல்லாவிட்டால், விற்ற பெண்ணும் வாங்கிய எழுத்தரும் கொடுத்த விலையின் அற்பமும் மறைந்துபோய், சுவடி மட்டும் தாய் தகப்பன் பெயர் தெரியாத பிள்ளையாக நிற்கும்.

எது அறிவு, எது அறிவல்ல என்று மேலிடம் தீர்மானிப்பது புதிதல்ல என்பதையும் சொல்லிவிடலாம். சீகன்பால்கு 1713இல் எழுதி முடித்த தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை மிஷனுக்கு மேலிடமாக இருந்த ஹாலே நகரத்துப் பிராங்கே அச்சேற்ற மனம் கொள்ளவில்லை. 1867இல் சென்னையில் ஜெர்மான் என்ற மிஷனரி பதிப்பிக்கும் வரை அது கையெழுத்தாகவே கிடந்தது. பிரசுரத்துக்கு லாயக்கில்லை என்று கருதியவர்களும் அதைக் குப்பையில் எறியாமல் கட்டி வைத்தார்களே, அந்தக் குணம் நம் அதிகாரிகளுக்கு வாய்க்குமா என்பதே நம் சந்தேகம். தரங்கம்பாடி மிஷனரிகளுக்குத் தமிழர்கள் எழுதிய கடிதங்கள் ஜெர்மன் மொழிபெயர்ப்பின் வழியாகவே நம்மை எட்டியிருக்கின்றன. அவற்றின் மூல ஓலை ஏதேனும் நாளைக்கே ஒரு பரணிலிருந்து இறங்கினாலும், அது ‘நிகழ்ச்சி ஆவணம்’ என்று திருப்பி அனுப்பப்படக்கூடும்.

இதைக் கற்பனையான பயம் என்று எண்ண வேண்டாம். நாம் வசிக்கும் அருள்புரத்தில், பல்லடம் சாலையோரத்துப் பழைய பேப்பர் கடை ஒன்றில், பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் மூட்டைக்கும் நூல் கோன் வந்த காலி அட்டைப்பெட்டிக்கும் நடுவே ஒரு ஞானஸ்நானப் பதிவேட்டுக் கட்டு எடைக்கு வந்து கிடந்தது. இரும்பு மசி காகிதத்தை அரித்து, பெயர்கள் இருந்த இடங்களில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டைகள் விழுந்திருந்தன. ஓர் ஏட்டைத் தூக்கினால் வெளிச்சத்தில் பெயரை வாசிக்கலாம், விரல் பட்டால் பெயர் உதிரும். தராசிலிருந்து அதை மீட்டு ஓர் அலுவலகத்துக்குக் கொண்டுபோனபோது, “இது ரெக்கார்டு சார், சுவடி இல்லை” என்றார்கள். ரெக்கார்டுக்கு உரிய இன்னோர் அலுவலகத்தில், “இது பிரைவேட், கவர்மெண்ட் ரெக்கார்டு இல்லை” என்றார்கள். இரண்டு பேரும் விதிப்படியே பேசினார்கள். 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசையும் அதன் நிறுவனங்களையும் சார்ந்த காகிதங்களோடு நின்றுவிடுகிறது. ஆனால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமோ, 75 ஆண்டு கடந்த சுவடி, ஆவணம், பிற பத்திரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஏற்றுமதியைத் தடுக்கையில் இரண்டும் ஒன்று. காப்பாற்றப் பணம் பங்கிடுகையில் மட்டும் வேறு வேறு! இந்த சாமர்த்தியத்தை எந்தச் செயலகத்து அறையில் கற்றார்களோ.

ஆகவே நம் கோரிக்கை இது. கணக்கெடுப்புப் படிவத்தில் கடிதம், நாட்குறிப்பு, பதிவேடு, கணக்குப் புத்தகம் ஆகியவற்றுக்குத் தனிப் பத்தி ஒன்று திறக்கப்பட வேண்டும். திறக்கப்படும் வரை, களப்பணியாளர்கள் சுவடியோடு ஒரே பெட்டியில் கிடக்கும் காகிதங்களைப் பிரிக்காமல், இருந்த வரிசையிலேயே படமெடுத்து, உடைமையாளர் சம்மதத்துடன் ஒரு தனித் தாளில் விவரம் எழுதி நமக்கு அனுப்பலாம். அரசாங்கம் கேட்காத அந்தப் பட்டியலை அடுத்த இதழ் முதல் நாம் வெளியிடுவோம்.